பன்னிரண்டு வாளித் தண்ணீர்

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கியது என்று சிலரும் சக்கரத்தில் தொடங்கியது என்று சிலரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இரண்டும் தவறு. ஓடாத ஒரு மோட்டாரை மாற்றலாமா வேண்டாமா என்று மூன்று பெரிய மனிதர்கள் ஒரு நீண்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்களே, அந்தக் கணத்தில்தான் மனிதன் மிருகத்திலிருந்து முழுதாகப் பிரிந்தான். மிருகமாக இருந்தால் அரை நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டுப் போயிருக்கும்.

இந்தச் சரித்திர நிகழ்ச்சி பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தில் நடந்தது. ஐந்து மாடிக் கட்டடம். ஐந்தாவது மாடியில் இயக்குநர். நான்காவது மாடியில் கூட்ட அறை. மூன்றாவது மாடியில் கூட்டத்துக்கு முன் எழுதப்படும் குறிப்புகள், இரண்டாவது மாடியில் கூட்டத்துக்குப் பின் எழுதப்படும் குறிப்புகள், முதல் மாடியில் இவற்றை ஓட்டை போட்டு நூல் கோத்துக் கட்டும் பிரிவு. இத்தனை முக்கியமான வேலைகளுக்கு இடம் ஒதுக்கியது போக, யார் எப்போது பிறந்தார்கள், யார் எப்போது இறந்தார்கள் என்ற சில்லறை விவரங்கள் அடங்கிய பதிவேடுகள் மட்டும் பேஸ்மென்ட்டில் இருந்தன. அவற்றோடு ரெக்கார்டு அக்காவும் இருந்தார்.

அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவரைவிட வயதில் மூத்த வாட்ச்மேன்கூட. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து, தேடி வருகிறவர்களுக்கு அவர்கள் பிறந்த பக்கத்தை எடுத்துக் கொடுக்கிறார். தடித்த கண்ணாடி, தும்மலுக்கு ஒரு கைக்குட்டை, தூசிக்கு இன்னொன்று. ஏணியில் ஏறினால் ஒரு கையில் ஆறு கிலோ பதிவேட்டோடு இறங்குவார். அந்தப் பதிவேடுகளுக்கு நகல் கிடையாது. நனைந்தால் போச்சு, அதில் இருப்பவர்கள் எல்லாம் பிறக்காதவர்களாகிவிடுவார்கள். பழையவை எல்லாம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அலமாரிகளின் அடித்தட்டில் இருந்தன.

மூலையில் மூன்றடிக் குழி. குழிக்குள் மோட்டார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் குழிக்கு வரும். தண்ணீர் ஏறினால் மிதவைப் பந்தை மேலே தூக்கும். தூக்கினால் மோட்டார் ஓடித் தண்ணீரை வெளியே தள்ளும். ஏற்பாடு என்னவோ அப்படித்தான். பன்னிரண்டு வருடத்தில் அது ஒரே ஒரு தடவை, நான்கு நிமிடம் ஓடியது. அதற்குப் பிறகு ஓய்வு. போன வாரம் அக்கா சும்மா மிதவையைத் தூக்கிப் பார்த்தார். மோட்டார் "ம்ம்ம்" என்றது. ஓடவில்லை.

ஒயர்மேன் வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றுக் கட்டையை எடுத்து மோட்டாரின் மண்டையில் ஒரு போடு போட்டார். ஓடியது.

"பாத்தீங்களாக்கா? உசுரு இருக்கு."

"நீ தட்டினதால ஓடுது தம்பி. மழை வரப்போ தட்டுறதுக்கு ஆள் வேணுமே? ஞாயித்துக்கிழமை மழை வந்தா?"

ஒயர்மேன் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுக்கா" என்றார்.

மழைக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. அக்கா ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதினார்: குழி மோட்டார் தானாக ஓடவில்லை, மழைக்கு முன் புதிது வைத்துத் தர வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறினார். லிஃப்ட் பேஸ்மென்ட்டுக்கு வராது, பேஸ்மென்ட் ஆட்களை ஏற்றவும் ஏற்றாது. அதன் தகுதிக்கு அது சரியல்ல.

இயக்குநர் தாளை வாங்கி, தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதில்லை. படிப்பது என்றால் எழுதியவரைச் சந்தேகிப்பதாக ஆகும். அது பெருந்தன்மைக்கு அழகல்ல என்பது அவர் கொள்கை. பத்தொன்பது வருடமாக அந்தக் கொள்கையால்தான் படிப்படியாக மேலே வந்து ஐந்தாவது மாடியை அடைந்தார்.

"என்ன விஷயம்மா இது?" என்று கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டார்.

"மோட்டார் மாத்தணும் சார்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அப்ப ஒரு குழு போட்டுடலாம்" என்றார்.

குழுவுக்கு "நிலத்தடி இயந்திர எதிர்கால முடிவுக் குழு" என்று பெயர் வைக்க ஒரு வாரம் ஆனது. இயக்குநர் தலைவர். பராமரிப்பு அதிகாரி உறுப்பினர். அவர் எங்கே போனாலும் விதிப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போவதால் அவருக்கு "விதி சார்" என்று பெயர். மூன்றாமவர் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர். அவர் எதற்கு ஆலோசகர் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் நமக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும் என்று யாரும் கேட்கவில்லை. விளக்கம் சொல்வதற்கு அக்காவையும் கூப்பிட்டார்கள். நாற்காலி மூன்றுதான் என்பதால் அவர் நின்றார்.

விதி சார் புத்தகத்தை விரித்தார். "விதி பதினாலு. எந்த இயந்திரமும் தன் பணிக்காலத்தை முடிக்காம மாத்தப்படக் கூடாது. குழி மோட்டாருக்குப் பணிக்காலம் இருநூறு மணி நேரம். இது எவ்வளவு ஓடியிருக்கு?"

"நாலு நிமிஷம் சார்" என்றார் அக்கா.

கூட்ட அறை அதிர்ந்தது.

"நாலு நிமிஷம் வேலை பாத்தவனுக்கா ரிட்டயர்மென்ட்?" என்றார் இயக்குநர். "நான் முப்பது வருஷமா உழைக்கிறேன்!"

ஆலோசகர் மடிக்கணினியில் எதையோ தட்டி, திரையில் ஒரு வண்ணக் கோட்டைக் காட்டினார். கோடு வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. "பன்னெண்டு வருஷத்துக்கு நாலு நிமிஷம்னா, இதே வேகத்துல மோட்டார் அவர்கள் தன் பணிக்காலத்தை முடிக்க இன்னும் முப்பத்தையாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு வருஷம் ஆகும். நாம அவசரப்படுறோமோன்னு தோணுது."

"சார், மழை எட்டு வாரத்துல வந்துரும்" என்றார் அக்கா. பெயர் வைத்ததில் ஒரு வாரம் போனது நினைவு வந்து, "ஏழு வாரத்துல" என்று திருத்திக்கொண்டார்.

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் இயக்குநர். "மழை வரலாம், வராமலும் போகலாம். விதி எப்பவும் இருக்கும்."

அப்போதுதான் விதி சார் அந்த மகத்தான யோசனையைச் சொன்னார். மோட்டார் ஓடாததால்தானே பணிக்காலம் முடியவில்லை? ஓட்டிவிட்டால்? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் இருபத்தைந்து வேலை நாள். கணக்கு நேராக இருநூறில் வந்து நிற்கிறது. அப்புறம் கண்ணியமாக மாற்றிவிடலாம்.

"தண்ணி இல்லாம ஓடினா கருகிடுமே" என்றார் அக்கா.

"தண்ணிய ஊத்துங்க" என்றார் இயக்குநர்.

இப்படியாக, தண்ணீர் வந்துவிடக் கூடாதே என்பதற்காக வைக்கப்பட்ட மோட்டாரை மாற்றுவதற்காக, அந்தப் பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஊற்றுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. இது எழுத்தில் வந்து அக்கா கைக்குச் சேர மேலும் ஒரு வாரம் பிடித்தது.

திங்கட்கிழமை காலை வாட்ச்மேனும் ஒயர்மேனும் சேர்ந்து பன்னிரண்டு வாளித் தண்ணீரைப் படியிறங்கிச் சுமந்து குழியில் ஊற்றினார்கள். மிதவை எழுந்தது. மோட்டார் "ம்ம்ம்" என்றது. அக்கா விளக்குமாற்றுக் கட்டையால் ஒன்று வைத்தார். தண்ணீர் குழாய் வழியாக மேலே ஏறி வெளியே போனது. போன கையோடு வெண்டிலேட்டர் ஜன்னல் வழியாகச் சுவரில் வழிந்து மறுபடியும் குழிக்கே வந்து சேர்ந்தது.

ஒயர்மேன் வெளியே ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். போன வருடம் முற்றத்துக்கு டைல்ஸ் போட்டபோது, துருத்திக்கொண்டு நிற்கிறது, பார்க்க அழகாக இல்லை என்று குழாயை இரண்டடி வெட்டிவிட்டார்களாம். இப்போது அதன் வாய் சரியாக ஜன்னலுக்கு நேரே நின்றது.

"இத நீட்டி விடணுமேப்பா" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து ஆலோசகர் இறங்கி வந்தார். வழியும் தண்ணீரைப் பார்த்தார். கண்கள் கலங்கின. "சுழற்சி!" என்றார். "போன தண்ணியே திரும்ப வருது. வீணே இல்ல. இத யாரும் தொடக் கூடாது."

மறுநாள் அலுவலக வாசலில் ஒரு மின்னணுப் பலகை வந்தது. "நமது அலுவலகம் இதுவரை வெளியேற்றிய நீர்" என்று தலைப்பு; கீழே சிவப்பில் எண்கள் ஓடின. மதியத்துக்குள் பத்தாயிரம் லிட்டர். பார்க்க வந்தவர்கள் அசந்துபோனார்கள். எல்லாம் அதே பன்னிரண்டு வாளி என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு நேரமும் இல்லை. ஏனென்றால் மோட்டார் அரை மணிக்கு ஒரு தடவை மூச்சை நிறுத்தியது. தட்டினால்தான் ஓடும். நாளுக்குப் பதினாறு தட்டு. அதற்கென்று "தட்டுதல் பதிவேடு" ஒன்று திறக்கப்பட்டு, நேரம், தட்டிய எண்ணிக்கை, தட்டியவர் கையொப்பம் என்று மூன்று கட்டம் போட்டு அக்காவிடம் கொடுக்கப்பட்டது. கூடவே ஓர் உத்தரவு: சோதனைக் காலத்தில் மோட்டாரின் கவனம் சிதறாதிருக்க, பதிவறையில் தேடுதல் பணி அனைத்தும் நிறுத்தி வைக்கப்படுகிறது.

தட்டத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அக்காவுக்குக் கை பழகிவிட்டது. ஒரு நாள் காலையில் வீட்டு மிக்ஸி திக்கியபோது யோசிக்காமல் அதன் மண்டையில் ஒன்று போட்டார். ஓடியது. மேஜை முன் உட்கார்ந்திருந்த கணவர் நாற்காலியை மெதுவாகப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"ஏம்மா, நான் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கேன். என்னைத் தட்டிடாதே" என்றார்.

சிரிப்புத்தான். ஆனால் அக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. காரணம், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த வெல்டர்.

வெல்டருக்கு நாற்பது வயது இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல வேண்டும், காகிதம் இல்லை. முன்கையெல்லாம் பொறி பட்ட புள்ளிகள். கப்பல் கட்டும் தளத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. பத்து வருடம் தெருமுனைப் பட்டறையில் இரும்புக் கதவும் ஜன்னலும் பற்றவைத்த மனிதருக்கு அது பெரிய வேலை; நிலையான வேலை. பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும். தாண்டினால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அக்கா மனு எழுதிய அதே வாரம்தான் அவரும் முதல் தடவை படியிறங்கி வந்தார்.

"எந்த வருஷம் பிறந்தீங்க?"

"தெரியலக்கா. பெரிய பாலம் இடிஞ்சப்ப நான் வயித்துல இருந்தேன்னு அம்மா சொல்லும்."

"அம்மா இருக்காங்களா?"

"இல்லக்கா. அம்மா பேரு மட்டும் தெரியும்."

பாலம் இடிந்த வருடமும் அதற்கு அடுத்ததும் சேர்ந்து ஐந்து பதிவேடு. ஒவ்வொன்றும் அறுநூறு பக்கம். ஐந்தும் அடித்தட்டில், குழிக்குப் பக்கத்தில். குழுவுக்கு விளக்கம் சொல்வதற்கே முதல் இரண்டு வாரம் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கியதில் அக்கா ஒரு பதிவேடுதான் பார்த்து முடித்திருந்தார். அப்புறம் தேடுதலுக்குத் தடை வந்துவிட்டது.

"அப்ப நான் எப்பக்கா வரட்டும்?" என்று கேட்டார் வெல்டர்.

"இருநூறு மணி நேரம் கழிச்சு வரணும்னு உத்தரவு."

"அதுக்குள்ள வேலை போயிருமேக்கா."

அவர் கத்தவில்லை, சண்டை போடவில்லை. ஏழாவது படியில் உட்கார்ந்தார். மறுநாளும் வந்து அதே படியில் உட்கார்ந்தார். ஐந்து வாரமும் உட்கார்ந்தார். மேலே போகிற வருகிற அதிகாரிகள் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் மோட்டாரைப் பார்க்கப் போனார்கள். காலை மிதித்துவிட்டு "பாத்து உக்காருப்பா" என்றுகூடச் சிலர் அன்பாகச் சொன்னார்கள்.

அக்கா ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே இருக்கும் இருபத்தொன்பது நிமிடத்தில் தேடினார். தேடுதல் பணி நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே அவர் தேடவில்லை, "தூசி தட்டினார்". பக்கம் பக்கமாகத் தூசி தட்டினார். வெல்டர் பதிவேடுகளைத் தூக்கிக் கொடுத்தார். நாற்பத்தேழாவது தட்டில் விளக்குமாற்றுக் கட்டை முறிந்தபோது, அவர் பட்டறைக்குப் போய் முனையில் உருண்டை வைத்த ஓர் இரும்புக் கம்பியைப் பற்றவைத்துக் கொண்டுவந்தார். அருமையான கம்பி. அதை விதி சார் "அலுவலகத் தட்டுகோல், ஒன்று" என்று சொத்துப் பட்டியலில் ஏற்றிவிட்டார்.

இன்னொரு தொல்லை. பன்னிரண்டு வாளி தினமும் பதினோரு வாளியாகக் குறைந்தது. குறைந்ததை வாட்ச்மேன் காலையில் ஊற்றி ஈடுகட்டுவார்.

"ஒரு வாளி எங்கப்பா போகுது?" என்றார் அக்கா.

"சுவரு குடிக்குதுக்கா" என்றார் ஒயர்மேன்.

சுவர் குடித்ததைத் தரைக்கும் கொடுத்தது. தரை அடித்தட்டுக்குக் கொடுத்தது. அக்கா பதிவேடுகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். மேஜையில், நாற்காலியில், ஏணியின் படிகளில், கடைசியில் தான் உட்காரும் ஸ்டூலிலும். ஐந்தாவது வாரம் அவர் நின்றுகொண்டுதான் வேலை பார்த்தார். வெல்டரின் ஐந்து பதிவேடுகளை மட்டும் கையெட்டும் உயரத்தில், படிக்கட்டுக் காற்றுப் படுகிற இடத்தில் விரித்து வைத்தார். நனைந்த ஓரங்கள் நெளிந்திருந்தன.

முந்நூற்று எழுபத்தேழாவது தட்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் கிடைத்தது. நான்காவது பதிவேடு, இருநூற்று எட்டாம் பக்கம். ஆண் குழந்தை. தாயார் பெயர் அட்சரம் பிசகாமல் அதே. ஈரம் ஏறி வந்து கடைசி வரிக்கு ஒரு விரல் கீழே நின்றிருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் மை கரைந்திருக்கும்.

"கிடைச்சிருச்சு தம்பி! நாப்பத்தொரு வயசு உங்களுக்கு."

வெல்டர் எழுந்து வந்து பார்த்தார். விரலை வரிக்கு மேலே காற்றில் ஓட்டினார், பக்கத்தைத் தொடவில்லை. "நான் முப்பத்தொம்பதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "ரெண்டு வருஷம் எங்க போச்சுன்னே தெரியலியேக்கா." சொல்லிவிட்டு அழுதார். அக்காவும் தும்மல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

வேலையில் சேர இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அக்கா ஐந்து மாடியும் ஓடினார்.

"சார், ஒரே ஒரு பிறப்புச் சான்றிதழ். பக்கம் எடுத்துட்டேன். முத்திரையும் உங்க கையெழுத்தும் வேணும்."

"என்னம்மா நீங்க, நாளைக்கு விழா" என்றார் இயக்குநர். "மோட்டார் அவர்கள் இருநூறு மணி நேரம் முடிக்கிறார். முத்திரை அந்தச் சான்றிதழுக்காக எடுத்து வச்சிருக்கு. விழா முடியட்டும், வேற வேலையை அடுத்த வாரம் பாக்கலாம்."

"அடுத்த வாரம் வந்தா அவருக்கு வேலை போயிரும் சார்."

"மோட்டாருக்கா?"

"மனுஷனுக்கு சார்."

"மனுஷனுக்கு வேற வேலை கிடைக்கும்மா. மோட்டாருக்கு யார் கொடுப்பா?"

இந்தக் கருணை மிகுந்த கேள்வியோடு இயக்குநர் ஒரு படிவத்தை நீட்டினார். மோட்டாருக்குச் சான்றிதழ் கொடுக்க அலுவலகத்தில் தனிப் படிவம் இல்லையாம். இருக்கிற பிறப்புச் சான்றிதழ்ப் படிவத்திலேயே எழுதிவிடலாம் என்று ஆலோசகர் சொல்லிவிட்டாராம். பிறந்த தேதி என்ற இடத்தில் குழியில் இறக்கிய தேதி. தாயார் பெயர் என்ற இடத்தில் செய்த கம்பெனி. அக்கா கையெழுத்து அழகு. ஆகவே அவரே எழுத வேண்டும். ஒரு நகல் விழாவுக்கு, ஒரு நகல் மோட்டாரின் கோப்புக்கு.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. ஒவ்வொரு மாடியாக இறங்கினார். பேஸ்மென்ட்டுக்கு வந்ததும் மோட்டார் நின்றது. தட்டினார். தேவைக்கு மேல் இரண்டு தட்டு. அப்புறம் படிவத்தை விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இருநூற்று எட்டாம் பக்கத்தைப் பார்த்து மணி மணியாக எழுதினார். ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

விழா விமரிசையாக நடந்தது. பலகையில் மூன்று லட்சம் லிட்டர் ஓடியது. இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். ஓய்வில்லா உழைப்பு, தன்னலமின்மை, தட்டியதும் எழும் உற்சாகம் ஆகியவற்றை இளைய ஊழியர்கள் மோட்டாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பிறகு சான்றிதழை எடுத்தார். தலைப்பைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். கோப்பு நகலிலும் அப்படியே.

"மோட்டாரால மாடிக்கு வர முடியாது. அதன் சார்பா யார் வாங்கறது?"

"அந்தத் தட்டுகோலைச் செஞ்சு கொடுத்தவர் இருக்கார் சார்" என்றார் அக்கா. "மோட்டாருக்கு ரொம்ப நெருக்கமானவர்."

வெல்டர் மேடையேறினார். இயக்குநர் சான்றிதழைக் கொடுத்து, தோளில் தட்டி, "நல்லா ஓடணும்" என்று வாழ்த்தினார். கைதட்டல் அடங்கவே இல்லை. வெல்டர் படியிறங்கினார், வாசலைத் தாண்டினார், அங்கிருந்து ஓட்டம். சொன்னபடி நன்றாகவே ஓடினார்.

விழா முடிந்த சூட்டோடு குழு கூடியது. அக்கா நின்றார். "சார், இருநூறு மணி நேரம் முடிஞ்சுருச்சு. இனி மாத்தலாமா?"

"மாத்தறதா!" என்றார் ஆலோசகர். "இருநூறு மணி நேரம் ஒரு பழுதில்லாம ஓடின மோட்டாரையா? நானூறு தட்டு தாங்கியிருக்கே! இவ்வளவு நல்லா ஓடறத மாத்தினா ஊர் சிரிக்காதா?"

"ஓடாதப்ப மாத்த முடியாதுன்னோம். ஓடறப்ப மாத்த வேண்டாம்ங்கறோம்" என்றார் இயக்குநர். "நம்ம நிலைப்பாடு கொஞ்சம்கூட மாறல, கவனிச்சீங்களா?"

மோட்டாருக்குப் பணி நீட்டிப்பு வழங்கப்பட்டது. அக்கா பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, பதிவேடுகளை இன்னும் உயரமாக எங்கே வைக்கலாம் என்று பார்த்தார். இடமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

பணி நீட்டிப்பு ஆணை எழுத விதி சார் மோட்டாரின் கோப்பை எடுத்தார். எடுத்தவர் அலறிக்கொண்டு ஐந்தாவது மாடிக்கு ஓடினார். அடுத்த பத்து நிமிடத்தில் அக்காவையும் கூப்பிட்டார்கள்.

"சார், கோப்புல இருக்கிற நகல்படி குழிக்குள்ள இருக்கறது ஆண். வயசு நாப்பத்தொண்ணு. தாயார் பேரு கூட இருக்கு!"

"யார் கையெழுத்து?" என்றார் இயக்குநர்.

"உங்க கையெழுத்து சார்."

இயக்குநர் தாளை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்தை நன்றாக அடையாளம் கண்டுகொண்டார். "அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் அதன் பொருள் மெதுவாக அவருக்குள் இறங்கியது. முகம் வெளிறியது. "ஐயையோ! ஒரு ஆளையா பன்னெண்டு வருஷமா குழிக்குள்ள தண்ணியில நிக்க வச்சிருக்கோம்?"

"மண்டையில நானூறு தட்டு வேற தட்டியிருக்கோம் சார்" என்றார் விதி சார். "பதிவேடு இருக்கு. கையெழுத்தோட."

"வெளிய தெரிஞ்சா?" என்றார் ஆலோசகர். அவர் ஏற்கெனவே பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். தவறாக எழுதிவிட்டதாக அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எழுதியதில் தவறு எதுவும் இல்லையே. "பதிவேட்டுல இருக்கறதத்தான் எழுதினேன் சார்" என்றார்.

அதன் பிறகு அந்த அலுவலகம் காட்டிய வேகத்தை எழுத எனக்குப் போதிய திறமை இல்லை. கயிறு வந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. விதிப் புத்தகத்தைத் திறக்காமலேயே, "மனிதரைக் குழியிலிருந்து உடனடியாக அகற்றி, காலியாகும் இடத்தில் ஒரு மோட்டார் வைக்கவும்" என்று உத்தரவு வந்தது. ஆறு பேர் குழியில் இறங்கி மோட்டாரைப் பதமாகத் தூக்கி, துண்டால் துடைத்து, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, தலைப்பக்கம் இடிக்காமல் பார்த்துப் பார்த்து மேலே கொண்டுபோனார்கள். இயக்குநரே பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார். புது மோட்டார் மூன்றாம் நாள் வந்தது. குழாயைச் சத்தமில்லாமல் இரண்டடி நீட்டினார்கள். அந்தச் சனிக்கிழமையே மழை பிடித்துக்கொண்டது; ஞாயிறும் விடவில்லை. திங்கட்கிழமை காலை அக்கா வந்தபோது அடித்தட்டு காய்ந்து கிடந்தது. மோட்டார், யாரும் தட்டாமலே ஓடி முடித்து ஓய்ந்திருந்தது. அக்கா ஸ்டூலைத் துடைத்து, இரண்டு வாரத்துக்குப் பிறகு உட்கார்ந்தார்.

அந்த அலுவலகத்தின் மனிதாபிமானத்தை இன்று பலரும் புகழ்கிறார்கள். நானும் புகழத்தான் வந்தேன். காகிதத்தில் மட்டும் குழிக்குள் நின்ற ஒரு மனிதனை அவர்கள் ஒரே நாளில் ஸ்ட்ரெச்சர் வைத்துத் தூக்கிக் காப்பாற்றினார்கள். அதே மனிதன் ஐந்து வாரம் ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தபோது, அவன் காலை மிதித்துக்கொண்டுதான் மோட்டாரைப் பார்க்கப் போனார்கள்.